கோச்சி மேல் பழி

பிறப்புச் சான்றிதழொன்றின் ஒன்பதாம் கூட்டில்
தந்தையின் தொழில் வரவேண்டிய இடத்தில்
திரை அணைந்தது.
கறுப்பு. பிறகு ஒரு நீலப் பெட்டி
வீட்டிலக்கம் மறந்த தபால்காரனைப் போல
மூலைக்கு மூலை முட்டி அலைந்து
சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்றது.
இரண்டு வினாடி. மூன்று.
மீண்டும் ஒன்பதாம் கூடு:
சிங்களத்தில் தச்சர்,
தமிழில் நான் இன்னும் எழுதாத தச்சர்.

வெள்ளவத்தையில் கடல்பக்கம் யன்னல் உள்ளவர்களுக்கு
ஊர் ஒரே நோய்தான் சொல்லும்:
உப்புக் காத்து.
பிரிஜ் துருப்பிடித்தால் உப்புக் காத்து,
மணிக்கூடு நின்றால் உப்புக் காத்து,
மேல்மாடி மங்களேஸ்வரியின் மருமகன்
பேசாமல் படியிறங்கிப் போனால்
அதற்கும்கூட.
வயரைக் கழற்றி ஊதினேன்.
ஊதக் கூடாதாம், எச்சில் படுமாம். துடைத்தேன்.
மெமரிக் கட்டையை உருவி
மகளின் அழிரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
புது வயர், இரண்டாயிரத்து நானூறு.
மற்றத் துளை. ரீவியின் வயர்.
பக்கத்து வீட்டு மொனிற்றரை இரவல் வாங்கி வைத்தேன்.
வந்த அன்றே அதுவும்
இந்த வீட்டுப் பழக்கத்தைப் பழகிக்கொண்டது.

கலண்டர் தாளின் பின்பக்கம் நேரங்களைக் குறித்தேன்.
6.52. 7.20. 8.05. 8.31.
ஐந்தாம் நாள் பார்த்தால்
எனக்குத் தெரிந்த அட்டவணை:
பாணந்துறைக் கோச்சி, மருதானைக் கோச்சி,
காலிக்குப் போகிற கடுகதி.
அட, அதிர்வு! என்று சுவருக்குச் சொன்னேன்.
மேசையைச் சுவரிலிருந்து இழுத்தேன்,
வயருக்கடியில் பழைய வரைவுத் தாள்களை மடித்து வைத்தேன்,
மொனிற்றரை ஸ்பொஞ்சில் ஏற்றினேன்.
கோச்சி வந்தது. திரை போனது.
தண்டவாளத்தைப் பார்த்து
மொழிபெயர்க்கக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

பம்பலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் பஸ்லி வந்தான்.
தரையில் சப்பாணி கட்டிப் பெட்டியைத் திறந்து
ஒன்றரை மணித்தியாலம்.
நான் பக்கத்தில் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நான்கு கோச்சி போயிற்று.
ஒருதரமும் அணையவில்லை.
"மெஷின் நல்லம், அக்கா" என்றான்,
இனிப் பார்க்கவேண்டியது உங்களைத்தான் என்ற முகத்தோடு.
ஆயிரத்தைந்நூறு.

பிறகு ரயில் வேலைநிறுத்தம்.
இரண்டு நாள் தண்டவாளத்தில் காகங்கள் நடந்தன.
சனங்கள் இருபக்கமும் பார்க்காமல்
கடலுக்குக் கடந்து போனார்கள்.
இன்றைக்கு முழுக் கட்டையும் முடிப்பேன் என்று இருந்தேன்.
தேத்தண்ணிக்கு எழும்பினேன்.
கறுப்பு.
இருந்தேன்.
எழும்பினேன். கறுப்பு.
இருந்தேன்.
மெல்ல, கள்ளனைப் பிடிக்கப் போகிறவளைப் போல
எழும்பினேன்.

கதிரை!
நவம் மாவத்தையில் மூடிய கம்பனியொன்றின்
ஏலத்தில் எடுத்த சுழல் கதிரை,
காற்றுத் தண்டில் ஏறி இறங்குவது.
பாரம் விலகும்போது அதற்குள் ஒரு மின்பொறி பிறந்து
கண்ணில் படாமல் மேசைக்குப் போய்
வயரைத் தட்டுமாம்.
பஸ்லி வொயிஸில் முதலில் சிரித்தான்,
பிறகு, "இருக்குது அக்கா, அப்பிடியும் இருக்குது."
அப்போதுதான் விளங்கியது.
ஒவ்வொரு கோச்சிக்கும் எழும்பியிருக்கிறேன்,
இரைச்சலுக்கு யன்னலைச் சாத்த.
கலண்டர் தாளில்
அதை நான் எழுதவேயில்லை.

இப்போது பிளாஸ்ரிக் கதிரை. நாரி நோகுது.
திரை அசையாமல் நிற்கிறது.
தச்சர், மீன் வியாபாரி, குறிப்பிடப்படவில்லை,
மீண்டும் குறிப்பிடப்படவில்லை
என்று வரிசையாய்க் கூடுகளுக்குள் போகிறார்கள்.
ஆனாலும் சில இரவு, பதினொன்று தாண்டி,
விடிந்தால் தூதரகத்துக்குப் போகவேண்டிய
ஏழு சான்றிதழ் மிச்சம் இருக்க,
மூலையில் கிடக்கும் அதைக் காலால் இழுத்து
ஒருக்கா இருந்து
எழும்புகிறேன்.
மூன்று வினாடி
எவருடைய தந்தையும்
எந்தத் தொழிலும் செய்வதில்லை.